பிரசவ அதிர்ச்சி மாநாட்டைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 2024-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று பிரசவ அதிர்ச்சி, அதாவது பிரசவத்தில் நேரும் உடல், மனப் பாதிப்பு பற்றி விசாரித்தபோது, 1,300-க்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதி அனுப்பினார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் இந்த மாநாடுகளின் நாற்காலிகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மருத்துவச்சிகள், மகப்பேறு மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். கம்பெனி மாநாடுகளை எடுத்துப் பழகியவர்கள் இதையும் அதே கையோடு எடுக்கிறார்கள். புதியவர்களின் ஆல்பங்களில் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஃபிளாஷ், பீப் சத்தம், ஃபோகஸ் உதவி விளக்கு மூன்றையும் அணைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம்.

வாசலில் ஒட்டிய தாளை நம்புவது

விலை அதிகமான தவறு இதுதான். "இங்கே புகைப்படம் எடுக்கப்படும், விருப்பமில்லாதவர்கள் ஊழியரிடம் சொல்லவும்" என்று ஏ4 தாளில் அச்சடித்து, பதிவு மேசைக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, அரங்கமே சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாகத் தாமதமாக வந்து சேருபவர் அந்தத் தாளைப் படிப்பாரா? படித்தாலும், முன்பின் தெரியாத ஊழியரிடம் போய் "என்னை எடுக்காதீங்க" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

மற்ற மாநாடுகளில் பார்வையாளர் படம் வெறும் பார்வையாளர் படம்தான். இங்கே "மீண்டு வந்த தாய்மார்" என்று கீழே ஒரு வரி விழுந்தால், அது ஒருவருடைய மருத்துவ விவரமாகிவிடுகிறது. உடல்நலத் தகவலுக்கு பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிக் காவல் உண்டு. பேசாமல் இருந்ததை வெளிப்படையான சம்மதமாகக் கணக்கு எழுத முடியாது. இதைவிட மோசமானது தேநீர் இடைவேளை. மருத்துவமனை மீது வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் குடும்பம், அதே மருத்துவமனையின் மருத்துவச்சியோடு மரியாதைக்குச் சிரித்தபடி நிற்கும். எடுத்தவருக்கு அது நல்ல படம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும்தான்.

பதிவுப் படிவத்திலேயே "எடுக்கலாம் / வேண்டாம்" என்று இரண்டு கட்டம் போடச் சொல்லுங்கள். எதையும் டிக் செய்யாதவர் "வேண்டாம்" பக்கம். அடையாள அட்டைக் கயிறு இரண்டு நிறத்தில் இருக்கட்டும். பச்சை, சிவப்பு வேண்டாம், நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மஞ்சளும் கருநீலமும் மங்கலான அரங்கிலும் பிரிந்து தெரியும்.

அடுத்த சறுக்கல் இங்கேதான். உட்கார்ந்ததும் கயிறு சால்வைக்குள் போய்விடும், கூந்தலில் மறையும், மடியில் தூங்கும் குழந்தைக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே நாற்காலிகளில் ஓர் ஓரப் பகுதியை முழுவதும் ஒதுக்கச் சொல்லுங்கள். அந்தத் திசையில் லென்ஸ் திரும்பவே கூடாது. லென்ஸ் துளையை எஃப்/2.8 அளவுக்கு அகலமாகத் திறந்தால் பின்னணி கலங்கிவிடும் என்பதெல்லாம் சமாதானம். 35 மி.மீ. அகலக்கோண லென்ஸில் எடுத்தால், மூன்று வரிசை தள்ளி இருப்பவரையும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேடையில் பேசும் தாயிடம் இரண்டு முறை கேட்க வேண்டும். பேசுவதற்கு முன் ஒரு தடவை. மறுநாள், தேர்ந்தெடுத்த நாலைந்து படங்களை அனுப்பி இன்னொரு தடவை. இறங்கி வந்த சூட்டில் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் "சரி" என்றுதான் வரும்.

கண்ணீருக்குக் காத்திருப்பது

கல்யாண வேலையிலிருந்து வருபவர்களுக்கு, பெண் கண் கலங்கும் நொடியில் விரல் தானாக அழுத்திவிடும். இங்கே குரல் உடைந்தால் கேமரா மடிக்கு இறங்க வேண்டும். வேண்டிய படங்களைப் பேச்சின் முதல் இரண்டு நிமிடத்துக்குள், பக்கவாட்டு நடைபாதையிலிருந்து 70-200 மி.மீ. தூர லென்ஸில் எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். துணைக்கு வந்தவர் பெரும்பாலும் முன்வரிசையில் இருப்பார். பேசுபவருக்கும் அவருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள்.

சத்தமில்லாத ஷட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் முகத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழும். 1/100-க்கு இறங்குங்கள், ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை ஏறட்டும். மங்கலாக்கப்பட்ட மேடை விளக்குகளில் மினுக்கம் இன்னும் வேகமாக இருக்கலாம். அங்கே 1/100-உம் கைகொடுக்காமல் போகலாம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, கைதட்டல் நேரத்தில் மட்டும் எடுங்கள். சில ப்ரொஜெக்டர்கள் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசும், அதனால் வேக ஷட்டரில் திரை வானவில்லாகிவிடும். திரை படத்தில் வர வேண்டுமானால் 1/60-ஐவிட மெதுவாக. இதையெல்லாம் அரங்கம் காலியாக இருக்கும்போது, நிகழ்ச்சி நேர வெளிச்சத்தைப் போடச் சொல்லிச் சோதித்துவிட வேண்டும்.

திரையில் இருப்பதைப் படிக்காமல் விடுவது

குழந்தையின் இதயத்துடிப்பு வரைபடத்தின் ஓரத்தில் தாயின் பெயரோ மருத்துவமனை எண்ணோ மறைக்கப்படாமல் இருக்கலாம். 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

பயிற்சி பொம்மை

செயற்கை ரத்தம் ஊற்றிய ரத்தப்போக்குப் பயிற்சி, அட்டைப்படம் அல்ல.

அமைதி அறை

மனம் கலங்கியவர்கள் ஒதுங்கி உட்காரும் அறை இது. கதவைக்கூட எடுக்காதீர்கள்.

அன்றே அனுப்புவது

கேமராவிலிருந்து வைஃபை வழியாகச் சமூக ஊடகக் குழுவுக்கு நேரே படம் போகும் ஏற்பாட்டை அணைத்துவிடுங்கள். 48 மணி நேரம் கழித்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். செல்ஃபி போட்டால் தன் படங்களைத் தேடித்தரும் முக அடையாள ஆல்பம் இந்த வேலைக்கு ஆகாது. கோப்பின் பெயரில் ஆள் பெயர் வேண்டாம். ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள்.

ஒருவர் பிறகு மனம் மாறி "எடுத்துவிடுங்கள்" என்றால், ஆல்பத்தில் மறைத்தால் மட்டும் போதாது. மெமரி கார்டு, இரண்டாவது ஹார்டு டிஸ்க், கிளவுட் என எல்லா இடத்திலும் அழிக்க வேண்டும். படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் சேமித்து வைத்திருக்கும் முன்னோட்டப் படத்தைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.