கொங்கு ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கொங்குப் பக்கம் இப்போது ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றால் கூடவே ஊர் வரலாறு, குல வரலாறு என்று ஒரு சிறு புத்தகமும் வந்துவிடுகிறது. நல்ல விஷயம். கிடைக்கும் இடத்திலெல்லாம் வாங்கிப் படிக்கிறேன். ஆனால் ஒரே மாதிரியான தவறுகள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஒருவர் அச்சில் போட்டதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார், பத்து வருடத்தில் அதுவே ஊரறிந்த உண்மையாகிவிடுகிறது. எழுத உட்காருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் வருடக் கணக்கு. "எங்க பாட்டன் தாது வருசத்துல இங்க வந்தாரு" என்று ஒரு பெரியவர் சொன்னால் உடனே 1876 என்று எழுதிவிடுகிறோம். தாது வருஷப் பஞ்சம் கொங்கில் அவ்வளவு ஆழமாகப் பதிந்த நினைவு. ஆனால் தமிழ் வருடங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1876-77க்குப் பிறகு 1936-37லும் தாது வந்தது, 1996-97லும் வந்தது. பாட்டன் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவரா, அறுபது வருடம் கழித்துக் காடு (விளைநிலம்) வாங்கி வந்தவரா என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கந்தாய (நிலவரி) ரசீதில் இருக்கும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டைக் கலியாண்டு, சக ஆண்டு என்றெல்லாம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில வருடம். பசலி 1330 என்றால் 1920 ஜூலையில் தொடங்கி 1921 ஜூனில் முடிகிற ஆண்டு, அவ்வளவுதான்.

கல்வெட்டுக்குப் போனால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஊர்க் கோயில் கல்லில் "வீரராசேந்திரன்" என்ற பெயர் கிடைத்ததும், கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட சோழப் பேரரசன் நம் ஊருக்குக் கொடை கொடுத்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பேரரசன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. கொங்கை ஆண்ட கொங்குச் சோழர்களிலும் ஒரு வீரராசேந்திரன் உண்டு. அவன் காலம் 1207 முதல் 1256 வரை. நம் பக்கத்துக் கோயில்களில் இந்தப் பெயர் வந்தால் பெரும்பாலும் இவன்தான். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கல்லில் "யாண்டு" என்று ஆட்சியாண்டு கொடுத்திருப்பார்கள். அது 20 என்றோ 35 என்றோ இருந்தால், ஏழே வருடம் ஆண்ட பேரரசனாக இருக்க முடியாது. குலோத்துங்கன், விக்கிரம சோழன் என்ற பெயர்களிலும் இதே குழப்பம் வரும். பெயரை மட்டும் நம்பி எழுதினால் ஊரின் வயது நூறு, நூற்றைம்பது வருடம் தப்பிப்போகிறது.

அரசர் பெயரை விட நம் வீட்டுப் பெயர்தான் பெரிய சிக்கல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். எங்கள் குடும்பத்துக் கிரயப் பத்திரங்களை வைத்து நான் முதலில் போட்ட வம்சாவளியில் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிட்டேன். கிணறு வெட்டியவரும் அதை விற்றவரும் ஒருவரே என்று எழுதி, உறவுக்காரர்களுக்கும் பிரதி கொடுத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது வருடம் இருந்தது. "தகப்பன் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று தோன்றும். தெரியாது. ராமசாமி மகன் பழனிச்சாமி, பழனிச்சாமி மகன் ராமசாமி, மறுபடி ராமசாமி மகன் பழனிச்சாமி என்று சங்கிலி போய்க்கொண்டே இருக்கும்போது தகப்பன் பெயரும் பொருந்தத்தான் செய்யும். பத்திரத்தின் தேதி, நிலத்தின் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை விவரம்), மனைவி பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஆள் பிரிவார்கள். செக்குபந்தியில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பெயரும் வருவதால், ஒரு வீட்டைத் தேடப் போய் நாலு வீட்டு வரலாறு கைக்கு வரும்.

மாவட்ட எல்லையிலும் கவனம் வேண்டும். காங்கேயம் இன்று திருப்பூர் மாவட்டம். 2009க்கு முன் ஈரோடு, 1979க்கு முன் கோயம்புத்தூர். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கொள்ளேகால் 1956இல்தான் மைசூருக்குப் போனது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் திருப்பூர் மாவட்டம் என்று கேட்டுவிட்டு, எங்கள் ஊருக்குப் பழைய ஆவணமே இல்லை என்று திரும்பி வரக்கூடாது. கல்வெட்டில் தேடுவதானால் மாவட்டமும் தாலுகாவும் உதவாது. பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொங்கலூர் நாடு, குறுப்பு நாடு என்ற பழைய நாட்டுப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரில் பாளையம் இருப்பதால் அங்கே பாளையக்காரர் இருந்தார் என்று சொல்ல முடியாது. கொங்கில் பத்து வீடு உள்ள ஊருக்கும் பாளையம் என்று பெயர் உண்டு.

கொங்கின் பெருமையைப் பாடும் பழைய நூலான கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகத்தில் தங்கள் குலத்து முன்னோர் வந்தால் அதையே சான்றாக வைக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் புகழ் அன்று எப்படிப் பேசப்பட்டது என்பதற்கு அது சான்று. அதில் வரும் சம்பவம் அப்படியே நடந்தது என்பதற்கு இன்னொரு ஆதாரம் வேண்டும். அரசன் பெண் கேட்டான், இரவோடு இரவாகப் புறப்பட்டோம், ஆறு வழிவிட்டது என்ற கதையும் அப்படித்தான். பல சமூகங்களில் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருக்கிறது. கதையை விட்டுவிடாதீர்கள், கதை என்று சொல்லியே எழுதுங்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன் கல்மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள். அகழாய்வில் கிடைத்த உண்மை அது. அவர்கள் நேராக எங்கள் குலத்தின் முன்னோர் என்று இழுத்துக் கட்ட எந்தச் சான்றும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு ஒன்று இருக்கிறது. முதற்குடிகள் என்று தலைப்புப் போட்டுக் காணி உரிமை (பரம்பரை நில உரிமை) பெற்ற ஓரிரு குலங்களை மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். கிணறு வெட்டியது யார், கவலை ஓட்டியது (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைத்தது) யார், தறி போட்டது யார், பானை வனைந்தது யார்? அந்த வீடுகளும் அதே காலத்தில் அதே ஊரில்தான் இருந்தன. பட்டா அவர்கள் பெயரில் இல்லாததால் ஆவணத்தில் தெரிவதில்லை, அவ்வளவே. ஆகவே நேரில் போய்க் கேட்க வேண்டும். கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் நாவிதர் வீட்டுப் பெரியவருக்கு எந்த வீட்டுக்கு எந்த ஊரில் சம்பந்தம் என்பது மூன்று தலைமுறைக்குத் தெரியும். தலைமுறையாகப் பண்ணையத்தில் பாடுபட்ட அருந்ததியர் குடும்பங்களுக்கு எந்தக் காடு எப்போது யார் கையில் மாறியது என்பது நினைவில் இருக்கும். அவர்கள் தங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள், நம் வீட்டுத் தகவலுக்காக மட்டும் அவர்களிடம் போகாதீர்கள்.

பெண்களும் இப்படியே காணாமல் போகிறார்கள். வம்சாவளியில் மகன்கள் பெயர் மட்டும் இருக்கும். மருமகள் பிறந்த ஊரையும் மகள் புகுந்த ஊரையும் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். எந்த நாட்டோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது, எந்தத் தலைமுறையில் அது நின்றது என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். அப்புறம், ஊர் நிர்வாகமும் நிலக் கணக்கும் பார்த்த பரம்பரை மணியகாரர், கர்ணம் பதவிகள் 1980இல்தான் ஒழிந்தன. அந்த வீடுகளின் பரணில் பழைய கணக்குக் காகிதம் கிடக்கலாம். வீட்டை இடிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஊர் எல்லையில் வீரக்கல்லோ எழுத்துள்ள பலகைக்கல்லோ கிடைத்தால் படமெடுக்கும் ஆசையில் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். வெறும் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி, காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது படமெடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். படத்தோடு கல் இருக்கும் இடத்தையும் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கல்லை அது நின்ற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.