நாயோடு நெடுந்தூரம்: மோட்டார்வேயை விட்டு இறங்கி ஒரு நடை, ஒரு பப்

பிரிட்டனில் நாயை ஏற்றிக்கொண்டு நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் மோட்டார்வே ஓரத்து ஓய்விடமான சர்வீஸில்தான் நிறுத்துகிறார்கள். லாரிகள் நிற்கும் பக்கம், வேலியோரமாக ஒரு துண்டுப் புல்தரை. நாய்க்குக் கிடைப்பது அவ்வளவுதான். சில சர்வீஸ்களில் கட்டடத்துக்குள் நாயை விடமாட்டார்கள். ஒருவர் வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் உள்ளே காப்பிக்கு வரிசையில் நிற்பார். ஜங்ஷனில் இறங்கிப் பத்து நிமிடம் உள்ளே போனால் நல்ல பாதையும், நாயை வரவேற்கும் பப்பும் கிடைக்கின்ற நாடு இது. கொஞ்சம் முன்னேற்பாடு செய்தால் போதும்.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது

இரண்டு மணி நேரம் ஓட்டினால் குறைந்தது 15 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோட். அது ஓட்டுநருக்கான கணக்கு. நாய்க்கு ஒரு நல்ல இடைவேளை வேண்டுமென்றால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்: போய்வர 20 நிமிடம், நடக்க 35 முதல் 40, சேறு துடைக்க 5, பப்பில் 40. ஐந்து மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு நீண்ட நிறுத்தமும், சிறுநீர் கழிக்கவும் தண்ணீர் குடிக்கவும் ஒரு குட்டி நிறுத்தமும் சரியாக இருக்கும்.

முதலில் நடை, பிறகு பப். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு மணி நேரம் அடைந்து கிடந்த நாயை நேரே பப்புக்குள் கூட்டிப் போனால் அது எழும், குரைக்கும், பக்கத்து மேசைக்கு இழுக்கும். நாற்பது நிமிடம் மோப்பம் பிடித்து நடந்த நாய் காலடியில் படுத்துவிடும். இடைவேளையில் பந்து எறிந்து ஓடவிடுவதைவிட மெதுவாக முகரவிடுவதே நல்லது. ஓடிக் களைத்த நாய் காரில் வெகுநேரம் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே கொஞ்சமாகக் கொடுத்துவிடுங்கள். முழுச் சாப்பாடு போய்ச் சேர்ந்த பிறகு. வயிறு நிறைந்திருந்தால் வளைவான கிராமத்துச் சாலையில் வாந்தி எடுக்கும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள இனங்களைச் சாப்பிட்ட கையோடு ஓடவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அது உயிரைப் பறிக்கக்கூடியது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

ஜங்ஷனிலிருந்து ஐந்து மைலுக்குள் தேடுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களில் எக்ஸ்புளோரர் வரிசை, அதாவது 1:25,000 அளவுள்ளது, இதற்கு ஏற்றது. பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் அதில் பச்சைக் கோடுகளாக இருக்கும். குட்டைக் கோடுகள் நடப்பவர்களுக்கு மட்டுமான ஃபுட்பாத், நீண்ட கோடுகள் குதிரையும் போகக்கூடிய பிரிடில்வே. நாயோடு போகிறவர்கள் பிரிடில்வேயைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். ஃபுட்பாத்தில் வேலிக்கு வேலி ஸ்டைல் என்னும் மரப்படி இருக்கும். ஏறித்தான் தாண்ட வேண்டும். முப்பது கிலோ லாப்ரடாரை மழையில் ஐந்து ஸ்டைல்களுக்கு மேலாகத் தூக்கிவிட்டால் அதற்கு மேல் நடக்க யாருக்கும் மனம் வராது. குதிரை மரப்படி ஏறாது என்பதால் பிரிடில்வேயில் கதவுதான் இருக்கும். வழியில் மஞ்சள் அம்புக்குறி ஃபுட்பாத்தையும் நீல அம்புக்குறி பிரிடில்வேயையும் காட்டும். பள்ளத்தாக்குகளில் போனில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாயைப் பப்புக்குள் விடக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. விடுவதும் விடாததும் நடத்துகிறவரின் விருப்பம். அதனால் இணையத்தில் 'டாக் ஃபிரெண்ட்லி' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சில இடங்களில் அதற்குப் பொருள் தோட்டத்தில் மட்டும் என்பது. ஜனவரி மழையில் அதனால் பயனில்லை. காலை 11 மணிவாக்கில், கூட்டம் வருமுன், போன் செய்யுங்கள். கேட்க வேண்டியவை இவை: நாய் இருக்கும் பகுதியிலேயே சாப்பாடு பரிமாறுவார்களா? சமையலறை எத்தனை மணிக்கு மூடும்? பார் பகுதியில் மேசை பிடித்து வைக்க முடியுமா? நடந்துவிட்டு வரும்வரை காரை அங்கேயே நிறுத்தலாமா?

சமையலறை நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிராமத்துப் பப்களில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் 12 மணிக்குத் தொடங்கி 2 அல்லது 2.30க்கு முடிந்துவிடும், மறுபடி மாலை 6 மணிக்குத்தான். திங்கட்கிழமை முழுவதும் மூடுகிற பப்களும் உண்டு. ஞாயிறு மதியம் ரோஸ்ட் என்னும் வாட்டிய இறைச்சிச் சாப்பாட்டுக்காக மேசைகள் நிரம்பியிருக்கும், முன்பதிவில்லாமல் போவது வீண்.

மது அருந்தாத குடும்பங்கள் பப் என்றதும் தயங்குவதுண்டு. தயங்கத் தேவையில்லை. காப்பி, லைம் சோடா, சைவ உணவு எல்லாம் கிடைக்கும், குழந்தைகளோடு வருகிறவர்களும் நிறைய. ஆள் வந்து கேட்பார் என்று காத்திருக்காமல், மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு பாரில் போய்ச் சொல்லிப் பணம் கட்டுவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம்.

சில இடங்கள்

எம்40, 5ஆம் ஜங்ஷன்: ஆஸ்டன் ரோவண்ட் இயற்கைக் காப்பகம். மோட்டார்வே சுண்ணாம்புக் குன்றைப் பிளந்து போகும் இடம் இதுதான். 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ரெட் கைட் பருந்துகளின் சந்ததி தலைக்கு மேலே வட்டமிடும். சரிவுகளில் செம்மறி மேயும், ஆகவே கயிறு கட்டாயம். ஈரமான சுண்ணாம்பு மண் சோப்புப்போல் வழுக்கும்; பிடிமானமுள்ள காலணி போடுங்கள்.

எம்1, 29ஆம் ஜங்ஷன்: 1590களில் கட்டிய ஹார்ட்விக் ஹால் மாளிகையின் பூங்கா. ஏரிகளைச் சுற்றி நடக்கலாம். தெற்கு வாயிலில் ஹார்ட்விக் இன் என்னும் பப் இருக்கிறது, நடையை முடித்துச் சாலையைத் தேடி அலைய வேண்டாம். பூங்காவில் மாடும் ஆடும் மேயும்.

எம்6, 36ஆம் ஜங்ஷன்: ஏ65 வழியாகச் சுமார் பத்து நிமிடத்தில் கர்க்பி லான்ஸ்டேல். டெவில்ஸ் பிரிட்ஜ் என்னும் பழைய கல்பாலத்திலிருந்து லூன் ஆற்றோரமாக நடை. ஊருக்குள் நடந்துபோகும் தூரத்தில் பல பப்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாலத்தருகே மோட்டார் சைக்கிள்காரர்கள் திரளாகக் கூடுவார்கள். சத்தத்துக்கு மிரளும் நாய் என்றால் வேறு நாள் பாருங்கள். நடக்க நேரமே இல்லையென்றால், 38க்கும் 39க்கும் நடுவே உள்ள டீபே சர்வீஸ் மற்ற சர்வீஸ்களைவிட எவ்வளவோ மேல்.

எம்4: லண்டனிலிருந்து வேல்ஸிலுள்ள ஸ்கந்தவேல் கோயிலுக்குப் போகிற தமிழர்களுக்கு நன்கு பழக்கமான சாலை. இதில் ஏவ்பரிக்காக ஐந்து மைல் விதியைத் தளர்த்தலாம். ஜங்ஷனிலிருந்து இருபது நிமிடம் ஆகும். ஆனால் கற்காலத்தில் நட்ட கல்வட்டத்துக்குள்ளேயே பப் உள்ள ஊரை வேறெங்கும் பார்க்க முடியாது. கற்களுக்கிடையே செம்மறி மேய்வதால் இங்கும் கயிறு வேண்டும்.

ஏ30 வழியாகக் கார்ன்வாலுக்குப் போகிறவர்களுக்குப் போட்மின் மேட்டுநிலத்தின் நடுவே, சாலையை ஒட்டியே ஜமைக்கா இன் என்னும் பப் இருக்கிறது. சுற்றிலும் சதுப்பு நிலம் என்பதால் பாதையை விட்டு விலகாதீர்கள்.

குளிர்காலத்தில் உயரமான இடங்களை விட்டுவிடுங்கள். பிரிட்டனிலேயே மிக உயரத்தில், 528 மீட்டரில் உள்ள பப்பான டான் ஹில் இன்னில், 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயலின்போது அறுபதுக்கும் மேற்பட்டோர் மூன்று இரவுகள் பனியில் சிக்கிக்கொண்டார்கள்.

ஆடு, மாடு, சட்டம்

செம்மறி இருக்கும் நிலத்தில் நாய் துரத்தினாலே குற்றம். கடித்திருக்க வேண்டியதில்லை. சினை ஆடு மிரண்டு ஓடினாலே கரு கலைந்துவிடலாம் என்பதால் 1953ஆம் ஆண்டிலிருந்தே இதற்குத் தனிச்சட்டம் உண்டு. மந்தையைக் காக்க வேறு வழியில்லாதபோது விவசாயி நாயைச் சுட்டாலும் சட்டம் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. 'என் நாய் எதையும் துரத்தாது' என்பது ஆட்டைப் பார்க்கும்வரைதான். இங்கிலாந்தில் மேட்டுநிலம், புல்வெளி போன்ற, பாதையை விட்டும் நடக்க உரிமையுள்ள திறந்த அனுமதி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடுகட்டும் பறவைகளுக்காக, இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் நாயை வைத்திருப்பது கட்டாயம். கால்நடைக்கு அருகே ஆண்டு முழுவதும் அதே விதி. இழுக்க இழுக்க நீளும் கயிறு இதற்கு உதவாது.

மாடுகளிடம் நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். கன்றோடு இருக்கும் பசு நாயைப் பகையாகவே பார்க்கும், உங்களை அல்ல. கூட்டமாக உங்களை நோக்கி ஓடிவந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பி ஓடிவிடும், மாடு உங்களை விட்டுவிடும். நாயைக் கையில் தூக்கி அணைத்துக்கொள்வதுதான் மிக ஆபத்தானது. கன்றுகள் கண்ணில் பட்டால் அந்த நிலத்தையே சுற்றிப் போய்விடுங்கள்.

மலத்தைப் பையில் எடுத்து, குப்பைத்தொட்டி இல்லையென்றால் காருக்குக் கொண்டுவாருங்கள். நாய் மலம் வழியாக நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி மேய்ச்சல் நிலத்துக்குப் போய்ப் பசுக்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். பையைக் கட்டி வேலியில் தொங்கவிட்டுப் போவது இன்னும் மோசம்.

கழுத்துப்பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். மைக்ரோசிப் இருப்பதால் தகடு தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் பலர். இரண்டும் வேண்டும்.

பப்புக்குள்

காரில் இரண்டு பழைய துண்டுகள் வைத்திருங்கள். ஒன்று வயிற்றுக்கும் காலுக்கும், மற்றொன்று பப் தரையில் விரிக்க. வீட்டில் நாய் படுக்கும் துணியையே விரித்தால் இன்னும் நல்லது. அந்த வாசனை தெரிந்ததும் படுத்துவிடும்.

சுவரோரம், மூலையிலுள்ள மேசையைப் பிடியுங்கள். கதவருகே, கழிப்பறைக்குப் போகும் வழியில், சமையலறைக் கதவுக்கு எதிரே உட்காராதீர்கள். தட்டோடு யாராவது கடக்கும்போதெல்லாம் நாய் எழுந்து நிற்கும். கணப்புக்குப் பக்கத்து இடம் எல்லோரையும் இழுக்கும், ஆனால் ஈரமான நாய் அங்கே ஐந்து நிமிடத்தில் சூடேறி மூச்சிரைக்கும். கயிற்றை மேசைக்காலில் கட்டவேண்டாம், ஒரு பூனை குறுக்கே போனால் மேசையே சாய்ந்துவிடும். கயிற்றின் நடுப்பகுதியை உங்கள் காலின்கீழ் வையுங்கள். அரைமணி நேரம் மெல்லக்கூடிய ஏதாவது ஒன்றைக் கொடுங்கள், வேறு நாய்கள் பக்கத்தில் இருந்தால் தவிர.

தட்டிலிருந்து எதையும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ரோஸ்ட்டோடு வரும் கிரேவியிலும் ஸ்டஃபிங்கிலும் வெங்காயம் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புட்டிங்கிலுள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

ஓட்டுகிறவர் குடிக்காமலிருப்பதே சரி. ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 100 மி.லி. ரத்தத்தில் இங்கிலாந்து, வேல்ஸில் 80 மி.கி. ஆல்கஹால் வரம்பு என்றால், அங்கே 50தான். ஒரு பைண்ட் பீர் கூடச் சிக்கலாகலாம்.

காருக்குத் திரும்பியதும்

'பத்தே நிமிடம்' என்று நாயைக் காரில் விட்டுப் போகாதீர்கள். வெளியே 22 டிகிரி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் காருக்குள் 47 டிகிரி ஆகலாம். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிதாகக் குறையாது. பப் உள்ளே விடாது என்றால் வேறு பப் தேடுங்கள்.

கிளம்புமுன் தண்ணீர் காட்டுங்கள். வீட்டிலிருந்தே இரண்டு லிட்டர் எடுத்துவந்தால் கோடையில் ஏரிகளிலும் குட்டைகளிலும் வரும், நாய்க்கு நஞ்சாகக்கூடிய நீலப்பச்சைப் பாசி பற்றிய கவலை இல்லை. பிறகு ஐந்து நிமிடம் ஓரமாக நடத்தி சிறுநீர் கழிக்கவிடுங்கள். காரில் நாயைக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது ஹைவே கோடின் 57ஆம் விதி. சீட் பெல்ட்டில் மாட்டும் ஹார்னஸ், டிக்கியில் கூண்டு, அல்லது தடுப்பு வலை, எதுவானாலும் சரி. ஹார்னஸ் கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து முறியும்.

வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை புல்லிலும் பிராக்கன் புதரிலும் உண்ணி ஏறும். அன்றிரவே காது மடல், அக்குள், விரலிடுக்கு, கண்ணோரம் ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். கிடைத்தால் நசுக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் உண்ணிக்கொக்கியைத் தோலை ஒட்டிச் செருகி, முறுக்கி எடுங்கள். நடந்தவர்கள் தங்கள் கால்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ணி பரப்பும் லைம் நோய் மனிதர்களுக்கும் வரும்.