நல்ல காரியத்திலும் வீண்விரயம் உண்டு

"நல்ல காரியத்துக்குத்தானே செலவழிக்கிறோம், இதில் என்ன வீண்விரயம்?" திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவிலும் மூதூரிலும் கல்யாணப் பந்தல்களில் இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் ஐவேளை தொழுகிறவர்கள், தாராள மனசுக்காரர்கள். ஆனால் இந்த விஷயத்தில் நாம் விடும் தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பாவத்தில் போகும் காசு மட்டும்தான் விரயம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மார்க்க அறிஞர்கள் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுவார்கள். செலவழிக்கவே கூடாத வழியில் செலவழிப்பது தப்தீர். ஆகுமான, அதாவது அனுமதிக்கப்பட்ட, காரியத்தில் அளவை மீறுவது இஸ்ராஃப். 'உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள்' என்று குர்ஆன் (7:31) தடுப்பது இந்த இரண்டாவதை. அங்கே பேச்சே ஹலாலான சாப்பாட்டைப் பற்றியது.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழூவைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது? நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில் வுழூச் செய்வார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரழி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. முத் என்பது இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) கணக்கில் ஒரு லீற்றர் போத்தல்கூட நிரம்பாது. பள்ளியில் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே கால் கழுவுகிறோமே, அதில் எத்தனை முத் ஓடியிருக்கும்? மூன்று தடவைக்கு மேல் கழுவியவர் தவறு செய்தார், வரம்பு மீறினார் என்ற ஹதீஸும் (நபிமொழியும்) உண்டு. ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் விரயம் கூடாது என்ற செய்தி இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஆதாரமாக அதை நான் முன்வைக்கவில்லை. ஆனாலும் மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிற மண்ணில் இருக்கும் நமக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறு அடிக்கு இறங்கிவிடும். என் உம்மும்மா (பாட்டி) அந்த நாட்களில் ஒரு செம்புத் தண்ணீரோடு திண்ணையில் உட்கார்ந்து வுழூச் செய்து முடிப்பார். மழைக்காலத்தில் கிணறு நிரம்பி வழியும்போதும் அதே ஒரு செம்புதான்.

அடுத்தது வலீமா, கல்யாண விருந்து. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் நம் வழக்கம் அருமையானது. இரண்டு பேரின் சாப்பாடு மூன்று பேருக்குப் போதும் என்ற நபிமொழியைக் கண்ணால் பார்ப்பது போல இருக்கும். ஆனால் ஆறு பேர் சஹனில் நாலு பேரை உட்காரவைத்து, அதற்கு மேல் இறைச்சியையும் குவித்தால் மிஞ்சும் சோறு எங்கே போகும்? பல கை பட்டுப் பிசைந்த சோற்றை யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது. சமைத்த கிடாரத்தில் (பெரிய அண்டாவில்) மிஞ்சினால் பத்து வீட்டுக்குப் போகும், சஹனில் மிஞ்சினால் குழிக்குத்தான் போகும். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அப்படிக் குழியில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைய சந்தோஷம் அந்த இடத்திலேயே போய்விட்டது. சஹனில் குறைவாகவே வைத்து அனுப்புங்கள், கேட்டால் இரண்டாம் தடவை கொண்டுபோய்ப் போடுங்கள். அதை மானக்குறைவாக நினைப்பதுதான் தவறு. விழுந்த கவளத்தை எடுத்துச் சுத்தம் செய்து சாப்பிடுங்கள், உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது என்று சொல்லித்தந்த மார்க்கம் இது.

நகையை அடகு வைத்து, கடன் பட்டு ஊரையே அழைப்பதும் சுன்னத் (நபிவழி) அல்ல. ஸஃபிய்யா (ரழி) அவர்களை மணந்தபோது நபியவர்கள் கொடுத்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய், அவ்வளவுதான். பணக்காரரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா சாப்பாடுதான் சாப்பாட்டிலேயே கெட்டது என்றும் ஹதீஸ் இருக்கிறது. அழைப்பிதழ்ப் பட்டியல் எழுதும்போது அதை நினைத்தால் நல்லது.

நோன்பு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் கஞ்சி வாங்கிவந்து, வீட்டிலும் கஞ்சி காய்ச்சி, சம்சாவும் கட்லட்டுமாக நிரப்பி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாதியைக் கோழிக்குப் போடுகிறோம்.

"என் காசு, நான் எப்படியும் செலவழிப்பேன்" என்பது இன்னொரு தவறு. பொருளை வீணாக்குவதை அல்லாஹ் வெறுக்கிறான் என்ற ஹதீஸில் அது யாருடைய பொருள் என்ற பேச்சே இல்லை.

சரி, அப்படியென்றால் கையை இறுக்கிக்கொள்வதா? அதுவும் தவறுதான். விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் செய்யாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களைத்தான் குர்ஆன் (25:67) புகழ்கிறது. வசதி இருந்தும் கந்தலாக வந்த ஒருவரிடம், அல்லாஹ் தந்த செல்வத்தின் அடையாளம் உன்மீது தெரியட்டும் என்றார்கள் நபியவர்கள். எளிமை என்ற பெயரில் சமையல்காரரின் கூலியைக் குறைக்கிறவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்ற வசனத்தை (17:27) எல்லோரும் ஓதிக் காட்டுவார்கள். அதற்கு முந்திய வசனம் தொடங்குவதோ உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடு என்றுதான், விரயம் செய்யாதே என்பது அதன் பிறகே வருகிறது. பந்தலிலும் அந்த வரிசையிலேயே செய்யலாம். முதல் சஹன் வெளியே போகுமுன் வரமுடியாத நோயாளிகளுக்கும் கணவனை இழந்த பெண்களின் வீடுகளுக்கும் கிடாரத்திலிருந்து அள்ளிக் கட்டி, யார் கொண்டுபோவது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.