மாஸ்ட் செல் காணாமல் போகவில்லை, உங்களுக்குத்தான் தெரியவில்லை

மாஸ்ட் செல் என்பது என்சைம் நிறைந்த துகள்களைச் சுமந்து, தூண்டினால் கொட்டும் நோயெதிர்ப்பு செல். குடலுக்கு இரத்தம் நின்று திரும்பப் பாயும்போது வரும் காயத்தில் அதன் பங்கைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. போன வாரம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒரு ஸ்லைடோடு வந்தார். எலியின் சிறுகுடல். குடலுக்கு இரத்தம் தரும் மெசென்டெரிக் தமனியை 45 நிமிடம் க்ளாம்ப் போட்டு அடைத்து, திறந்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த திசு. "மியூகோசாவுல மாஸ்ட் செல்லே இல்ல சார், எல்லாம் வெடிச்சு என்சைமைக் கொட்டிடுச்சு" என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "ஃபார்மலினா?" திசு கெடாமல் எதில் போட்டார் என்பதுதான் கேள்வி.

எலியின் உடம்புச் சூட்டைக் காக்காதது, எந்தக் குழு என்று தெரிந்துகொண்டே ஸ்கோர் போடுவது இதையெல்லாம் எந்த சீனியரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிட்டு, இந்த ஆய்வில் நடக்கும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஃபார்மலினில் போட்டுவிட்டு எண்ணுவது

எலியின் குடலில் மாஸ்ட் செல் இரண்டு வகை. ஆழத்தில், சப்மியூகோசாவில் இருப்பவற்றின் துகள்களில் ஹெப்பாரின் உண்டு. ஃபார்மலினுக்குப் பிறகும் டொலுயிடின் புளூ என்ற சாயத்தில் ஊதாவாகத் தெரியும். மியூகோசாவில், அதாவது குடலின் உள்படலத்தில், இருப்பவற்றில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் வகை. ஃபார்மலின் பட்டால் சாயம் பிடிக்கிற இடம் மறைந்துவிடும். செல் அங்கேயேதான் இருக்கும், கண்ணில் படாது. ஸ்வீடனின் லென்னார்ட் எனர்பேக் 1966-லேயே இதை எழுதிவிட்டார்.

நமக்கு வேண்டியதோ அந்த மியூகோசா செல்கள்தான். இரத்தம் திரும்பப் பாயும்போது அவை கொட்டும் ஆர்எம்சிபி-2 என்ற கைமேஸ் வகை என்சைம், குடலின் மேல்பூச்சான எபிதீலிய செல்களுக்கு நடுவே உள்ள இறுக்கமான பிணைப்பைத் தளர்த்தும். குடலின் வேலி ஓட்டையாவதில் அதற்குப் பங்கு உண்டு.

நான் இதில் எட்டு மாதம் தொலைத்தேன். க்ளாம்ப் போடாத ஷாம் எலிகளிலும் மியூகோசா காலியாகத்தான் இருந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். வயிற்றைத் திறந்த அதிர்ச்சியிலேயே வெடித்திருக்கும் என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். கடைசியில் கத்தியே படாத ஓர் எலியின் குடலை இரண்டாக வெட்டி, பாதியை ஃபார்மலினிலும் பாதியைக் கார்னாய் கரைசலிலும் போட்டுப் பார்த்தேன். கார்னாய் பாதியில், குடலின் விரல் போன்ற நீட்சிகளான வில்லஸ் முழுக்க ஊதாப் புள்ளிகள்.

இன்னமும் "எண்ணிக்கை குறைந்தது, எனவே டீகிரானுலேஷன்" (அதாவது துகள்களைக் கொட்டிவிட்டது) என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். பார்த்தாலே எரிச்சல் வருகிறது. எத்தனால் 60, குளோரோஃபார்ம் 30, அசிட்டிக் அமிலம் 10: கார்னாய் அவ்வளவுதான். கூடவே இரத்தத்தில் ஆர்எம்சிபி-2 எவ்வளவு ஏறியது என்று அளந்துவிடுங்கள். கொட்டியதற்கு அதுதான் நேரடி சாட்சி.

மஞ்சள் நிறம் வந்தால் கைமேஸ் என்று எழுதுவது

குடலை அரைத்து, கைமேஸ் வெட்டக்கூடிய, ஃபினைல்அலனின் முனையுள்ள சப்ஸ்ட்ரேட்டைப் போட்டால் மஞ்சள் நிறம் வரும். ஆனால் அதைக் கணையத்தின் கைமோட்ரிப்சின் என்ற செரிமான என்சைமும் வெட்டும், அது குடலுக்குள்ளேயே கிடக்கிறது. இரத்தம் திரும்பப் பாயும் ரீபெர்ஃபியூஷனில் வந்து குவியும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் கதெப்சின் ஜி என்சைமும் வெட்டும். குளிர்ந்த சலைனில் குடலை நன்றாக அலசுங்கள். கைமேஸை அடக்கும் கைமோஸ்டாட்டின் போட்டதும் அடங்கிவிட்டது என்பதும் செல்லாது; அது மூன்றையுமே அடக்கும்.

சுண்டெலிக்குக் குரோமோகிளைகேட்

மாஸ்ட் செல் கொட்டாமல் தடுக்கப் போடும் மருந்து இது. சுண்டெலியில் நம்ப வேண்டாம்.

கிட் மியூட்டன்ட் சுண்டெலியை மட்டும் வைத்து முடிவு கட்டுவது

கிட் என்ற மரபணு பழுதானதால் இந்தச் சுண்டெலிகளுக்கு மாஸ்ட் செல் இல்லை, காயமும் குறைவு, ஆக மாஸ்ட் செல்தான் குற்றவாளி என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வகையைச் சேர்ந்த டபிள்யூ/டபிள்யூவி சுண்டெலிக்கு இரத்தசோகை உண்டு, நியூட்ரோஃபில் குறைவு, சிறுகுடலை அசைக்கும் கஹால் செல்களிலும் குறை. நியூட்ரோஃபிலே இந்தக் காயத்தில் ஒரு கூட்டாளி. மாஸ்ட் செல்லை வளர்த்துத் திரும்பச் செலுத்தி, காயமும் திரும்புகிறதா என்று பாருங்கள்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது

மனித மியூகோசாவில் பெரும்பாலும் டிரிப்டேஸ் என்ற வேறொரு என்சைம் மட்டும் உள்ள மாஸ்ட் செல்கள். கைமேஸும் சேர்ந்தவை சப்மியூகோசாவில்தான் அதிகம். ஆர்எம்சிபி-2 எலியின் சரக்கு.

சரி, அந்த மாணவியின் பாரஃபின் பிளாக்குகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஃபார்மலின் திசுவையும் அமிலம் சேர்த்த டொலுயிடின் புளூவில் ஐந்து முதல் ஏழு நாள் ஊறவைத்தால் மியூகோசா செல்கள் ஓரளவு தலைகாட்டும். இன்று மூன்றாம் நாள். தினமும் காலையில் ஜாடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.