வீட்டு ஜெபக்குழுவில் பாடல் நடத்தும்போது: சுருதியை இறக்குங்கள்

பத்துப் பேர் கூடும் வீட்டில் பாட்டு சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் சுருதிதான் காரணம். பக்திக் குறைவு அல்ல. பல்லவி சுகமாக இருக்கும். சரணம் மேலே ஏறும்போது ஆண்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்வார்கள்.

அதனால் பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் தேடிப் பிடியுங்கள். அதை மெதுவாக முனகிப் பாருங்கள். உங்களுக்கே கழுத்து இறுகினால், பாடிப் பழகாதவருக்கு அது எட்டவே எட்டாது. கீபோர்டில், சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் போதும். கிட்டார் என்றால் கவனம்: கேப்போ (கிட்டாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) சுருதியை ஏற்றும், இறக்காது. 'ஜி' சுருதியில் உள்ள பாட்டை 'ஈ'க்கு இறக்க, இரண்டாம் கட்டத்தில் (ஃபிரெட்) கேப்போ போட்டு 'டி' கார்டுகளை வாசியுங்கள்; கேப்போ ஏற்றுவதால் அவை 'ஈ'யில் ஒலிக்கும்.

வாத்தியமே இல்லையா? கவலை வேண்டாம். கடைசி இராப்போஜனத்துக்குப் பின் இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டு பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார்கள் (மத்தேயு 26:30). அதுவும் ஒரு வீட்டு மேலறையில் கூடிய சிறு கூட்டம்தான். முதல் வரியை நீங்கள் தனியாகப் பாடி, மூச்சு விட்டு, பிறகு எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பாட ஆரம்பித்ததும் உங்கள் குரலைத் தணித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரின் குரல் காதில் விழ வேண்டும்.