காலையில் செம்பாறை, இரவில் திறந்தவெளி நாடகம்

லாஸ் வேகாஸிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டினால் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகரம். யூட்டா நேரம் நெவாடாவைவிட ஒரு மணி முன்னால்; நாடகத்துக்குக் கிளம்பும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

நடையை விடியலிலேயே முடித்துவிடுங்கள், கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். செயின்ட் ஜார்ஜ் பக்கத்திலுள்ள ஸ்னோ கேன்யன் பூங்காவில் எனக்குப் பிடித்தது பெட்ரிஃபைட் டூன்ஸ். பழங்கால மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை. அலையலையான அந்தச் சரிவில் நல்ல பிடிப்புள்ள காலணி இருந்தால் குழந்தைகளும் ஏறலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். மழைமேகம் தெரிந்தால் குறுகிய பள்ளத்தாக்குக்குள் இறங்கவே வேண்டாம். சயான் தேசியப் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறைமுகடு ஏற முன்அனுமதி வேண்டும்.

மதியம் தூங்குங்கள். மாலை, பக்கத்து ஊரான ஐவின்ஸில் டுவாகான் திறந்தவெளி அரங்கம். மேடைக்குப் பின்னே செங்குத்தான செம்பாறைதான் திரை. ஷேக்ஸ்பியர் நாடகம் வேண்டுமென்றால் வடக்கே சீடர் சிட்டி போங்கள். 5,800 அடி உயரம், இரவில் குளிரும். சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.