முந்திரி என்றால் முந்திரிப்பருப்பு இல்லை: செட்டிநாட்டில் ஆய்வு செய்ய வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ஆய்வேடு தட்டச்சு செய்து, அச்செடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சொல்லிக்கொள்ளும்படியான படிப்பு பி.காம். மட்டும்தான், அதுவும் தபால் வழியில். ஆனால் காலையில் லித்தியம் மின்கலம், மத்தியானம் அகநானூறு, சாயங்காலம் கண்டாங்கிச் சேலையின் கட்டம், நடுவே யாரோ ஒருவரின் வீணை வாசிப்பு முறை என்று எல்லாத் துறையும் என் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. பேராசிரியர்கள்கூட அவரவர் துறை ஆய்வேட்டைத்தான் படிப்பார்கள், நான் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டியவன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் முந்திரிக் கதை. பொருளாதாரம் படித்த ஒரு தம்பி, ஒரு வீட்டின் பழைய நிலக் கணக்கு ஏட்டை வைத்து ஆய்வு செய்தான். ‘மரபுவழி முந்திரிச் சாகுபடி’ என்று ஒரு அத்தியாயமே எழுதிக்கொண்டு வந்தான், பன்னிரண்டு பக்கம். இந்தப் பக்கம் முந்திரி விளையும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு என் அப்பத்தா சொல்லிக்கொடுத்த கீழ்வாய் வாய்ப்பாடு, அதாவது பின்ன வாய்ப்பாடு, ஞாபகம் வந்ததால் மட்டும் அவன் தப்பித்தான். ஒன்றை இருபதாகப் பங்கிட்டால் ஒரு பங்கு மா, எண்பதாகப் பங்கிட்டால் காணி, முந்நூற்றிருபதாகப் பங்கிட்டால் முந்திரி. 1/320. அந்த ஏட்டில் இருந்தது பருப்பு இல்லை, பங்கு. அந்தப் பன்னிரண்டு பக்கமும் குப்பைக்குப் போனது, பாவம்.

அதே ஏட்டில் ௩௱௪௰௫ என்று எழுதியிருந்ததை அவன் ‘ஙளசயரு’ என்று படித்து, ஏதோ ரகசியக் குறியீடு என்று எழுதியிருந்தான். அது வெறும் 345. மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து என்று சொல்வதுபோலவே எழுதுவது பழைய முறை. ய மாதிரி இருப்பது பத்து, ள மாதிரி இருப்பது நூறு. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று கணக்குப்பிள்ளைகள் ஒரே இழுப்பில் எழுதிவிடுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இடம் இருக்கிறது, அதனால் ‘படிக்க இயலாத குறி’ என்று அடைப்புக்குறி போட்டு நழுவ வேண்டாம். தமிழ்த்துறைக்காரருக்கு இந்தக் குறிகள் தெரியும், கணக்கு தெரியாது. வணிகவியல்காரருக்குக் கணக்கு தெரியும், குறிகள் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வளாகத்தில் ஒரே கேண்டீனில்தான் வடை சாப்பிடுகிறார்கள், ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அடுத்தது தேதி. பழைய முறிச் சீட்டில், அதாவது கடன் பத்திரத்தில், ‘விசுவாவசு பங்குனி’ என்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறந்து, கைக்குக் கிடைத்த ஆங்கில ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். விசுவாவசு 1905லும் தொடங்கியது, 1965லும் தொடங்கியது. சரி, 1905தான் என்று வேறு சான்றால் முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் பங்குனி மாதம் 1906 மார்ச், ஏப்ரலில்தான் வரும். ஆண்டு சித்திரையில் அல்லவா பிறக்கிறது? சீட்டில் கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் சேர்ந்து இருந்தால் விடாதீர்கள். இந்த மூன்றும் ஒரே தேதியில் பொருந்தி வருகிறதா என்று பழைய பஞ்சாங்கத்தை வைத்துக் கணித்துப் பார்த்தால் தவறான ஆண்டுகள் தானாகக் கழன்றுவிடும். வரலாற்று மாணவர்கள் ஒரு மணி நேரம் பஞ்சாங்கம் தெரிந்த ஒருவரிடமோ இயற்பியல் துறையிலோ போய் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

ஆள் பெயரில் வருகிற குழப்பம் இன்னும் வேடிக்கை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், அதனால் ஒன்றுவிட்டு ஒன்று அதே பெயர்தான் வரும். பெரியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று பேரனை வீட்டில் வேறு பெயரில் அழைப்பார்கள், அந்த அழைப்புப் பெயரும் சில சமயம் கணக்கில் ஏறிவிடும். ஒரு ஆய்வேட்டில் ஒரு செட்டியார் கொழும்பில் கடை திறந்ததிலிருந்து காரைக்குடியில் பேருந்து வாங்கியது வரை நூற்றுப் பத்து வருஷம் சுறுசுறுப்பாக வாழ்ந்திருந்தார். தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிட்டார்கள். விலாசத்தைப் பார்த்துப் பிரியுங்கள், அதாவது பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த முதலெழுத்து வரிசையை. அதை அலங்காரம் என்று நினைத்து அடிக்குறிப்பில் வெட்டிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

இப்போது வீடுகளுக்கு வருவோம், இதில்தான் நான் ரொம்ப நொந்து போயிருக்கிறேன். செட்டிநாட்டு வீட்டைப் பற்றி எந்தத் துறையில் எழுதினாலும், கட்டடக்கலையோ சுற்றுலாவோ நுண்கலையோ, அதே நாலு வாக்கியம்: பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். நாலும் உண்மைதான், ஆனால் எல்லா வீட்டுக்கும் உண்மையா? நீங்கள் அளந்த வீட்டின் சுவரில் வெள்ளைக்கரு இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், வெள்ளைக்கரு என்று கொத்தனார் பரம்பரையாகச் சொல்வது ஒரு வகைச் சான்று, உதிர்ந்த பூச்சில் ஒரு துண்டை ஆய்வகத்தில் சோதித்து வருவது வேறு வகைச் சான்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துப் பூசாதீர்கள்.

இதில் சங்கடம் என்னவென்றால், வேதியியலுக்கு நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாங்கள் சிக்ரி என்று சொல்வது, இதே ஊரில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிற இடம். நூறு வருஷத்து வளவு வீட்டின் வார்ப்பிரும்புத் தூண்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று எழுதுகிற கட்டடக்கலை மாணவர், ‘முன்னோர் தொழில்நுட்பத்தின் அற்புதம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டு ஊருக்கு ரயிலேறிவிடுகிறார். எல்லாக் கதவும் உடனே திறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நெறியாளரின் கடிதம் வேண்டும், காத்திருக்க வேண்டும். தட்டிப் பார்க்காமலே போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆத்தங்குடிக் கல்லைச் ‘சூளையில் சுட்டது’ என்று எழுதிய ஆய்வேடுகள் மட்டும் என் கையில் மூன்று வந்திருக்கின்றன. அது சுடுவதே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கத்துக்குக் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வருவது. ஆத்தங்குடி காரைக்குடியிலிருந்து ஒரு பேருந்து தூரம், ஒரு முற்பகல் நின்று பார்த்தால் போதும். அதைச் செய்கிற ஆட்களிடம் பேசினால் இன்னொன்றும் தெரியும்: செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டும் இல்லை. கல் வார்ப்பவர், கண்டாங்கி நெய்பவர், ஓலைக் கொட்டான் முடைபவர், மரம் இழைத்த ஆசாரி எல்லாரும் சேர்ந்த ஊர் இது. ஆய்வேட்டில் ‘நன்றியுரை’ பக்கத்தில் மட்டும் அவர்கள் வருவது நன்றாக இல்லை.

கல்வெட்டுக்காரர்களுக்கு ஒன்று. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது, கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கு ஏழு பகுதியாகச் சுரங்களைப் பொறித்தது. ‘பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். கல்லில் மகேந்திரவர்மன் என்ற பெயர் இல்லை. ருத்ராசாரியாரின் சீடனும் பரம மாகேசுவரனுமான (சிவபக்தனான) அரசன் என்றுதான் இருக்கிறது. மகேந்திரன் என்பது அறிஞர்கள் ஊகித்தது, அதை மறுத்தவர்களும் உண்டு. ஊகம் என்றே எழுதுங்கள். அப்புறம், அந்தக் கல்லில் சுரங்கள் ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வரும். வடமொழி மட்டும் தெரிந்தவருக்கு அதில் ஒன்றும் புரியாது, வீணை மட்டும் தெரிந்தவருக்கு எழுத்தே தெரியாது. இரண்டு பேரையும் அந்தப் பாறை முன்னால் சேர்த்து உட்காரவைத்தால்தான் பேச்சே தொடங்கும். சித்தன்னவாசல் ஓவியத்துக்கும் இதே கதைதான்: முதலில் அதுவும் மகேந்திரன் கணக்கில் இருந்தது, பிறகு மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு தெரிய வந்ததும் ஒன்பதாம் நூற்றாண்டுப் பேச்சு வந்தது. இன்றைக்கும் பழைய வரியையே காப்பி அடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு துறையில் நிற்க மாட்டேன் என்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன் கம்பனோடு நிற்காமல் சிற்பம், கல்வெட்டு, பிள்ளையார்பட்டிக் கோயில் என்று போனவர். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியராக இருந்து, கிடைத்த புத்தகம், நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. அந்தச் சேகரிப்பின் மேல்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. நாடக நோட்டீஸ் எந்தத் துறைக்குச் சேர்ந்தது என்று அவர் யோசித்திருந்தால் பாதியைத் தூக்கிப் போட்டிருப்பார்.

கள ஆய்வுக்குப் போகிறவர்கள் ஆச்சிமாரிடம் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். ‘உங்கள் வாழ்வியல் விழுமியங்கள் யாவை’ என்று கேட்டால் ‘காப்பி குடிக்கிறியா அப்பச்சி’ என்றுதான் பதில் வரும். பேசவிட்டுக் கேளுங்கள். கேட்டதைத் திருத்தாதீர்கள், இது முக்கியம். ‘கொண்டுவிக்கப் போனாக’ என்று ஒரு ஆச்சி சொன்னதை, ‘வணிகத்தின் பொருட்டு அயல்நாடு சென்றனர்’ என்று மாற்றி என்னிடம் தட்டச்சுக்குக் கொடுத்தார் ஒருவர். தலைப்போ ‘செட்டிநாட்டு வட்டார வழக்கு’. நான் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி, இருந்தபடியே அடித்துக் கொடுத்தேன், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் எதுகை சரியில்லை என்று சொல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது.

ஏடு கொடுத்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். வீட்டிலேயே வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஓலையில் புள்ளி இருக்காது, எகர ஏகாரம் ஒன்றுபோல இருக்கும், காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், ஆகவே முதல் வாசிப்பை நம்பாதீர்கள். ஆய்வு முடிந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள். பலர் கொடுப்பதில்லை. அதனால்தான் அடுத்து வருபவருக்குக் கதவு சாத்தப்படுகிறது.

கருத்துத் திருட்டுச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பிள்ளைகள் 9 சதவீதம் என்று சீட்டைக் காட்டிச் சந்தோஷப்படுகிறார்கள். சூளையில் சுட்ட ஆத்தங்குடிக் கல்லைச் சொந்த வாக்கியத்தில் எழுதினால் ஒப்புமை பூஜ்யம்தான் காட்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே கொண்டுவராதீர்கள், யூனிகோடுக்கு மாற்றியபின் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பைக் கண்ணால் பாருங்கள். வேதியியல் தம்பிகளே, சமன்பாட்டைப் போட்டோ எடுத்து ஒட்டாதீர்கள், அச்சில் சாம்பல் பூசிக்கொண்டு வரும்.

அப்புறம், பைண்டிங்குக்குப் பசை காய இரண்டு நாள் வேண்டும். திங்கள்கிழமை ஒப்படைக்க வேண்டியதை ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டுவந்து ‘அண்ணே, எப்படியாவது’ என்று நிற்காதீர்கள். முந்திரித் தம்பி அப்படித்தான் வந்தான், அதனால்தான் அந்த அத்தியாயத்தை ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.